சார்ஜரை விடுங்கள், கீசரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

"கரண்ட் பில், கேஸ் செலவு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்ததில் பாதி கேள்விகள், மீதி வீட்டுச் சண்டைகள். சண்டையில் யார் பக்கமும் சாயக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எல்லா இடத்திலும் முடியவில்லை.

கேள்வி: என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுகிறாரோ இல்லையோ, அறை அறையாகப் போய் சார்ஜரைப் பிடுங்குவார், லைட்டை அணைப்பார், பிள்ளைகளைத் திட்டுவார். இத்தனைக்கும் பில் குறைந்தபாடில்லை. அவரிடம் நான் என்ன சொல்வது?
– பெயர் போட வேண்டாம் என்ற வாசகி

பதில்: கடுகு போன இடத்தைத் தடியெடுத்துக்கொண்டு தேடுவான், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று ஒரு பழமொழி உண்டே, அதை அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லிப் பாருங்கள்.

கணக்கு இதுதான். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு ஃபோன் பேட்டரியில் அடங்குவது சுமார் 15 வாட்-மணி, சார்ஜரில் சூடாகப் போவதையும் சேர்த்துத் தாராளமாக 20 என்றே வைத்துக்கொள்வோம். ஆக ஐம்பது தடவை ஃபோனை முழுக்க சார்ஜ் செய்தால்தான் ஒரு யூனிட் ஆகும். ஃபோன் மாட்டாமல் சும்மா தொங்கும் இன்றைய சார்ஜர் கால் வாட்டுக்கு மேல் இழுப்பது அபூர்வம். வருடம் முழுக்கத் தொங்கினாலும் இரண்டு யூனிட் சொச்சம்.

இப்போது குளியலறைக்கு வாருங்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.6 யூனிட் வேண்டும். எந்தக் கம்பெனி கீசராக இருந்தாலும், எத்தனை ஸ்டார் ஒட்டியிருந்தாலும் அதற்குக் கீழே போக முடியாது, அது தண்ணீரின் குணம். ஒரு தொட்டி வெந்நீர் என்பது முப்பது ஃபோன் சார்ஜ். அவர் ஒரு மாதம் ஓடி ஓடிப் பிடுங்கிச் சேர்த்ததை, குளித்துவிட்டு வந்தவர் கீசர் சுவிட்சை மறந்தால் ஒரே நாளில் விட்டுவிடலாம்.

வீட்டில் எதைப் பார்த்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது எதையாவது சூடாக்குகிறதா, குளிர்விக்கிறதா? ஆமாம் என்றால் அது பூசணிக்காய். கீசர், ஏசி, ஃபிரிட்ஜ், அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, ரூம் ஹீட்டர் எல்லாம் இந்த வகை. அடுத்த வரிசையில் மோட்டார்கள், நாளெல்லாம் ஓடுகிற ஃபேன் உட்பட. லைட்டும் ஃபோனும் கடைசிப் பந்தியில் உட்காருகிறவை. ஒரே ஒரு விலக்கு, குண்டு பல்பு. 60 வாட் குண்டு பல்பு தருகிற வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறது. குண்டு பல்பு என்பது கொஞ்சம் வெளிச்சமும் தருகிற ஹீட்டர்தான், அது எங்காவது மிச்சமிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். (நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் கொடுத்தார்கள். நீலம் வந்த பிறகுதான் வெள்ளை வெளிச்சமே சாத்தியமாயிற்று. எனக்குப் பிடித்த நோபல் அது.)

லைட்டை அணைப்பது நல்ல பழக்கம்தான், அணைக்கட்டும். பிள்ளைகளைத் திட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், அதில் ஒரு யூனிட்டும் மிச்சமாவதில்லை.

கேள்வி: கீசரை அணைத்து அணைத்துப் போட்டால்தான் அதிகம் இழுக்கும், நாள் முழுக்க ஆனில் விட்டால் தண்ணீர் சூடாகவே இருப்பதால் குறைவாக இழுக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?

பதில்: இல்லை. சூடான பொருள் சுற்றியிருக்கும் காற்றைவிட எவ்வளவு அதிகம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும். நியூட்டன் 1701இலேயே எழுதிவைத்த விஷயம். தொட்டியை நாள் முழுக்க 60 டிகிரியில் வைத்திருந்தால் நாள் முழுக்க அதே வேகத்தில் சூடு கசியும், கசிந்ததை கீசர் மறுபடி மறுபடி நிரப்பும். அணைத்துவிட்டால் தண்ணீர் ஆற ஆறக் கசிவும் குறையும். ஆறின தண்ணீரைத் திரும்பச் சூடாக்கும் செலவு, கசிந்து போனதற்குச் சமம்தான், அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. ஆகவே அணைத்தவருக்கே லாபம்.

2000 வாட் கீசர் 15 லிட்டரை மேலே சொன்ன அளவுக்குச் சூடாக்க 18 நிமிடம் எடுக்கும். குளிக்கப் போவதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டால் போதும். மறதிக்காரர்கள் ஒரு டைமர் சுவிட்ச் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் கீசர் இழுக்கும் ஆம்பியரைத் தாங்குகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு.

இன்னொன்று, ஷவர். சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 9, 10 லிட்டர் கொட்டும். பத்து நிமிடம் நின்றால் கிட்டத்தட்ட நூறு லிட்டர். ஒரு பக்கெட்டில் குளித்தால் 20 லிட்டரில் முடிந்துவிடும். கீசரை மாற்றுவதா வேண்டாமா என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெரிய தொட்டியில் வெந்நீரைச் சேமித்து நாள்கணக்கில் வைத்திருக்கும் அமைப்பாக இருந்தால், சிக்கனம் என்று சூட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், நுரையீரலைத் தாக்கும். அப்புறம், உள்ளே உப்புப் படிந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்று பரவலாக நம்புகிறார்கள். சூடாக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், தண்ணீருக்குள்தானே இருக்கிறது, சூடு வேறெங்கே போகும்? உப்புப் படிந்தால் சூடாக நேரம் பிடிக்கும், காயில் சீக்கிரம் எரிந்துபோகும். அதற்காகச் சுத்தம் செய்யலாம், பில்லுக்காக அல்ல.

கேள்வி: அடுப்பை சிம்மில் வைத்துச் சமைத்தால் கேஸ் மிச்சமா, பெரிதாக வைத்துச் சீக்கிரம் முடித்தால் மிச்சமா? எனக்கும் மாமியாருக்கும் பத்து வருடமாக இந்த வழக்கு நடக்கிறது.

பதில்: இரண்டு பேரும் பாதிப் பாதி ஜெயிக்கிறீர்கள்.

கொதி வரும்வரை பெரிய தீ கட்சி ஜெயிக்கிறது, அது நீங்களோ மாமியாரோ. சிம்மில் வைத்துக் கொதி வர அரை மணி நேரம் காத்திருந்தால், அந்த நேரம் முழுக்கப் பாத்திரம் பக்கவாட்டில் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். ஆனால் பெரிய தீ என்பது பாத்திரத்தின் அடிக்குள் அடங்கின தீ. கொஞ்சம் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். நீல நாக்குகள் அடிவிளிம்பைத் தாண்டிப் பக்கச் சுவரை நக்கிக்கொண்டு மேலே ஏறுகின்றனவா? ஏறினால் நீங்கள் சமையலறைக் காற்றைச் சமைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாத்திரத்தின் கைப்பிடி அடிக்கடி சுடுகிறது, பிளாஸ்டிக் பிடி வெளிறி உதிர்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கொதி வந்த நிமிடத்திலிருந்து சிம் கட்சி ஜெயிக்கிறது. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டால் அதன் சூடு ஏறவே ஏறாது. தளதளவென்று துள்ளினாலும் நூறு டிகிரி, ஓரத்தில் மெல்ல முத்து முத்தாகக் கிளம்பினாலும் அதே நூறு டிகிரி. உள்ளே இருப்பது ஒரே வேகத்தில்தான் வேகும். அதிகமாகக் கொடுத்த கேஸ் முழுக்க ஆவியாகிப் போகிறது, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதி வரைக்கும் கொண்டுபோக ஆகும் சக்தியைப்போல ஏழு மடங்கு, அதே ஒரு லிட்டரை ஆவியாக்கி விரட்ட வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து வழிகிறதே, அது உங்கள் சிலிண்டர்.

அதனால்தான் மூடி. இந்தப் பக்கம் முழுக்கச் சொன்னதில் காசே செலவில்லாத ஒரே யோசனை வேண்டும் என்றால் மூடியைச் சொல்வேன். பொருத்தமான மூடி காணாமல் போயிருந்தால் ஒரு தட்டைக் கவிழ்த்தாலும் சரி.

குக்கர் இதற்கு ஒருபடி மேல். உள்ளே அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறி 120 டிகிரியைத் தொடுகிறது, நேரம் மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறையும். 1679இல் டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பைக் கரைக்கவென்று செய்த கலத்தின் பேரப்பிள்ளைதான் இது, வெடிக்காமலிருக்க வால்வு கண்டுபிடித்து வைத்தவரும் அவரே. ஆனால் குக்கரிலும் வீணடிக்க முடியும். முதல் விசில் வந்த பிறகும் தீயைக் குறைக்காமல், எண்ணிக்கைக்காக விசில் விசிலாக அடிக்க விடுவது ஆவியைக் காசு கொடுத்து வாங்கி வெளியே விடுவதுதான். முதல் விசிலுக்கு அப்புறம் சிம்மில் வைத்து நேரம் பாருங்கள், விசிலை எண்ணாதீர்கள். ஊற வைக்க வேண்டியதை முன்கூட்டியே ஊற வைத்திருந்தால் இன்னும் பாதி வேலை முடிந்தது.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன, காற்று சரியாகக் கலக்கவில்லை. அதில் கேஸும் வீண், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ஆபத்தும் உண்டு. பர்னரை ஆறவிட்டுக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். அதற்கும் மஞ்சள் போகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். டியூபில் கசிவு சந்தேகம் என்றால் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வீரம் வேண்டாம்.

கேள்வி: கேஸை விட்டு இண்டக்ஷனுக்கு மாறலாமா? எது மலிவு?

பதில்: விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் விலை சொல்லாமல் சூத்திரம் சொல்கிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் சுமார் 12.7 யூனிட் அளவுக்குச் சக்தி இருக்கிறது. சாதாரண அடுப்பில் அதில் பாதியோ, கொஞ்சம் கூடவோதான் பாத்திரத்துக்குள் போகிறது. இண்டக்ஷனில் 85 சதவீதம் உள்ளே போகும். ஆக, ஒரு கிலோ கேஸின் வேலையைச் செய்ய ஏறக்குறைய 8 யூனிட் கரண்ட் போதும். உங்கள் சிலிண்டரின் விலையை அதிலிருக்கும் கிலோவால் வகுங்கள். அந்தத் தொகை எட்டு யூனிட் கரண்டின் விலையைவிட அதிகமென்றால் இண்டக்ஷன் மலிவு, குறைவென்றால் கேஸ் மலிவு.

யூனிட் விலை பார்க்கும்போது கவனம். படிப்படியாக விலை ஏறும் கட்டணமாக இருந்தால், நீங்கள் சேர்க்கப்போகும் யூனிட்டுகள் மேல்படியில்தான் விழும், அந்தப் படியின் விலையைப் போடுங்கள். சராசரியைப் போட்டு ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: ஃபிரிட்ஜைத் திறந்து வைத்தால் ரூம் ஏசி மாதிரி குளிருமா?
– ஏழாம் வகுப்பு மாணவன்

பதில்: குளிராது தம்பி, சூடாகும். ஃபிரிட்ஜ் உள்ளேயிருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கமாக அதே ரூமில்தான் கொட்டுகிறது. அதோடு மோட்டார் இழுக்கும் கரண்டும் கடைசியில் சூடாகத்தான் முடியும். பின்பக்கம் கையை வைத்துப் பார், தெரியும். அம்மா பார்க்காதபோது செய்யாதே, கதவு ரொம்ப நேரம் திறந்திருக்கக் கூடாது.

கேள்வி: பழைய ஃபிரிட்ஜ், நன்றாகத்தான் ஓடுகிறது. இரவில் அணைத்து வைத்தால் மிச்சமாகுமா? பழசை மாற்றினால் லாபமா?

பதில்: அணைக்காதீர்கள். இரவு முழுக்க உள்ளே சூடேறி, காலையில் அதையெல்லாம் மறுபடி குளிர்விக்க மோட்டார் மூச்சிரைக்க ஓடும், நடுவில் கெட்டுப்போகும் உணவு தனிக் கணக்கு. கீசருக்குச் சொன்ன நியாயத்தை இங்கே திருப்பிச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பீர்கள். ஆறின தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது, ஃபிரிட்ஜில் உள்ளது சூடேறினால் வயிறு கேட்காது. அதுதான் வித்தியாசம்.

கீழ்த்தட்டுக்கு 4 டிகிரி, ஃப்ரீசருக்கு மைனஸ் 18 போதும். அதற்கும் கீழே வைப்பது வீண். கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள், சும்மா நழுவி வந்தால் ரப்பர் போய்விட்டது. ஃபிரிட்ஜை மாற்றுவதற்கு முன்னால் ரப்பரை மாற்றிப் பாருங்கள். பின்பக்கம் சுவரை ஒட்டித் தள்ளாமல் ஒரு சாண் காற்று விடுங்கள், கம்பி வலை இருந்தால் தூசி தட்டுங்கள். சூடான பாத்திரத்தை அப்படியே உள்ளே வைக்க வேண்டாம், ஆனால் ஆறட்டும் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே போட்டும் வைக்காதீர்கள்.

மாற்றுவது பற்றி: பிளக்கில் மாட்டி அளக்கும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. ஒரு வாரம் மாட்டிப் பாருங்கள். நாளுக்கு இரண்டு யூனிட்டைத் தாண்டினால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். மாற்றினால் பழசைப் "பானம் வைக்க" என்று இன்னொரு அறையில் ஓடவிடாதீர்கள். நிறைய வீடுகளில் நடக்கிற கதை இது.

கேள்வி: ஏசியை 18இல் வைத்தால் சீக்கிரம் குளிரும், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறான் மகன்.

பதில்: பழைய மாடல் ஏசிக்கு 18 என்றாலும் 25 என்றாலும் குளிர்விக்கும் வேகம் ஒன்றுதான். அந்த எண் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வது மட்டுமே, ஆக்சிலேட்டர் அல்ல. இன்வெர்ட்டர் ஏசி கொஞ்சம் முடுக்கி ஓடும்தான், ஆனால் உங்கள் மகன் உட்பட யாரும் அப்புறம் எழுந்து ஏற்றுவதில்லை, போர்வையைத்தான் தேடுகிறார்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 5, 6 சதவீதம் மிச்சம். 25, 26இல் வைத்து ஃபேனை மெல்ல ஓடவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

ஒன்றரை டன் என்கிறோமே, அது எடை அல்ல. ஐஸ் கட்டியால் குளிர்வித்த காலத்துக் கணக்கு. ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அந்த வேகம், சுமார் 3.5 கிலோவாட். சின்ன அறைக்குப் பெரிய டன் வாங்குவது கௌரவம், சிக்கனம் இல்லை. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுங்கள், வெயில் நேராக அடிக்கும் ஜன்னலுக்கு முடிந்தால் வெளிப்பக்கம் மறைப்புப் போடுங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை தடுப்பது பாதிதான், சூடு வீட்டுக்குள் வந்துவிட்டதே.

கேள்வி: ஃபேனைக் குறைத்து வைத்தால் கரண்ட் குறையுமா?

பதில்: பெட்டி மாதிரி பெரிய பழைய ரெகுலேட்டர் என்றால் பெரிதாகக் குறையாது, மிச்சம் பெட்டியில் சூடாகப் போகும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் குறையும். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. என்ற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் மாதம் 20 யூனிட் மிச்சம். எப்போதாவது போடும் ஃபேனை மாற்றாதீர்கள், போட்ட காசு திரும்ப வராது. ஆளில்லாத ரூமில் ஃபேன் ஓடுவதில் அர்த்தமே இல்லை. ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, உடம்பு வேர்வையைத்தான் உலர்த்துகிறது.

கேள்வி: மகள் குளிர் நாட்டில் இருக்கிறாள். ஹீட்டிங் பில்லைப் பார்த்தால் மயக்கம் வருகிறதாம். இங்கிருந்து நான் என்ன சொல்ல முடியும்?

பதில்: அவளை ஒரு ஊதுபத்தி கொளுத்தச் சொல்லுங்கள். காற்று வீசுகிற நாளில் அதை ஜன்னல் ஓரம், கதவின் கீழ் இடுக்கு, குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை என்று மெல்ல நகர்த்திக்கொண்டே போகட்டும் (திரைச்சீலை ஜாக்கிரதை). புகை நேராக ஏறினால் பரவாயில்லை. சட்டென்று வளைந்து ஓடும் இடத்தில் ஓட்டை. அங்கே நுரைப் பட்டை ஒட்டுவது எந்த ஹீட்டரை மாற்றுவதையும்விட மலிவு. ஆனால் கேஸோ விறகோ எரியும் அறையில் காற்றுக்கென்று விட்ட துவாரத்தை மட்டும் அடைக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனைகூட இல்லாமல் ஆளைக் கொல்லும். அலாரம் ஒன்று இருப்பது நல்லது.

வீட்டுச் சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி இறக்கி ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும், பழகிவிட்டால் இன்னொரு டிகிரி. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் இந்தப் பரிசோதனை வேண்டாம். வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு முன்னால் சோஃபாவைப் போட்டு மறைத்திருக்கிறாளா என்றும் கேளுங்கள். அந்த வெந்நீரைக் காய்ச்சுவது கண்டன்சிங் பாய்லர் என்றால், ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலிருக்கும் ஆவி குளிர்ந்து அந்தச் சூடும் வீட்டுக்குக் கிடைக்கும். பாய்லரை 75, 80இல் வைத்திருந்தால் விலை கொடுத்து வாங்கின வசதி வேலை செய்வதே இல்லை, இறக்கி வைக்கச் சொல்லுங்கள். சாதாரண எலக்ட்ரிக் ஹீட்டர் ஒரு யூனிட் வாங்கி ஒரு யூனிட் சூடு தரும், ஹீட் பம்ப் ஒரு யூனிட் வாங்கி, வெளிக்காற்றிலிருந்தும் சூட்டை இழுத்து, மொத்தம் சுமார் மூன்று யூனிட் சூடு தரும். ஏசியைத் திருப்பி மாட்டின மாதிரிதான். வாடகை வீடென்றால் அது வீட்டுக்காரர் மனசு.

கேள்வி: பிளக்கில் மாட்டினால் 30 சதவீதம் பில் குறையும் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டர், எலக்ட்ரீஷியன்கள் கண்டன்சர் என்பார்களே அது, அப்புறம் எரிகிற ஒரு பச்சை லைட். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு நிஜ வேலைக்குப் போகிறது என்ற விகிதத்தை, சரிசெய்யும் என்பது உண்மை, பெரிய தொழிற்சாலைகளில் அதற்குப் பலன் உண்டு. வீட்டு மீட்டர் பொதுவாக எண்ணுவது கிலோவாட்-மணியை, பவர் ஃபேக்டர் மாறினால் அந்த எண்ணிக்கை மாறாது. பச்சை லைட்டுக்கு ஆகும் செலவு மட்டும் கூடும்.

கேள்வி: ஒரு நாள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு லைட் அப்போதும் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. யாராவது நம் லைனில் கொக்கி போட்டிருப்பார்களோ?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் வீட்டுக்குள்ளேயே திருடனைத் தேடுங்கள். மீட்டர் முகத்தில் 1600 என்றோ 3200 என்றோ ஓர் எண் இருக்கும், ஒரு யூனிட்டுக்கு அத்தனை தடவை சிமிட்டும் என்று அர்த்தம். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை நொடி என்று பாருங்கள். 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வந்ததை நொடியால் வகுத்தால் இப்போது ஓடும் வாட் எவ்வளவு என்று கிடைத்துவிடும்.

நான் இதை முதலில் செய்தது ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு. ஃபிரிட்ஜ் பிளக் உட்பட எல்லாம் பிடுங்கியாயிற்று என்ற நம்பிக்கையில் டார்ச்சோடு மீட்டர் முன்னால் நின்றேன். 3200 மீட்டர். சிமிட்டியது. எண்ண ஆரம்பித்தேன், பதினைந்தாவது நொடியில் மறுபடி சிமிட்டியது. 75 வாட். வீடே தூங்குகிறது, 75 வாட் எங்கேயோ போகிறது. மாதக் கணக்கில் 54 யூனிட். உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். டி.வி.க்குக் கீழே செட்டாப் பாக்ஸ், ரிமோட்டில் அணைத்தது, மேல் மூடி வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் பாட்டுக் கேட்டு வருடமாகிவிட்ட ஆம்ப்ளிஃபயர் அதைவிடச் சூடு. படிக்கட்டுக்கு அடியில் இன்வெர்ட்டர், வயதான பேட்டரிக்கு விடாமல் ஊட்டிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயரையும் பாக்ஸையும் பிடுங்கிவிட்டு வந்து எண்ணினால் இடைவெளி 28 நொடி. மீதி பெரும்பாலும் பேட்டரிதான், மாற்றிய பிறகு அதுவும் அடங்கியது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். திடீரென்று லைட் தந்தி அடிப்பதுபோலப் படபடவென்று சிமிட்டியது, கால் நிமிடம், பிறகு அடங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் மறுபடி. மாடியில் தண்ணீர் அழுத்த பம்ப், குழாய் எதுவும் திறக்காமலே தானாக ஓடி நின்றுகொண்டிருந்தது. கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் வால்வு கசிந்து, சத்தமில்லாமல் பீங்கானில் மெல்லிய கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை ஒருவர் வந்து "சரியாயிடுச்சு சார்" என்று காசு வாங்கிப் போன அதே வால்வு. தொட்டியில் ஒரு துளி மை விட்டுப் பாருங்கள், ஃப்ளஷ் செய்யாமலே கீழே நிறம் இறங்கினால் கசிவு.

தூங்கும் கருவிகள் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999லேயே சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இலிருந்து பெரும்பாலானவற்றுக்கு அரை வாட் என்று சட்டமே போட்டது. புதுக் கருவிகள் பெரும்பாலும் யோக்கியம். பரணில் போட மனமில்லாத பழசுகள்தான் சந்தேகத்துக்குரியவை. எல்லாம் பிடுங்கி, மெயின் சுவிட்சையும் அணைத்த பிறகும் சிமிட்டினால், அப்போது மின்வாரியத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: வாஷிங் மெஷினில் வெந்நீர் வேண்டுமா?

பதில்: அன்றாடத் துணிக்கு வேண்டாம். வெந்நீர்ச் சுற்றில் கரண்டில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. நோயாளியின் துணி, குழந்தைத் துணி என்றால் பயன்படுத்துங்கள். மெஷின் நிறையச் சேர்ந்த பிறகு போடுங்கள், வெயில் இருக்கும்போது டிரையரைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஊருக்கு உபதேசம் சரி. உங்கள் வீட்டில் பில் குறைந்ததா?

பதில்: மாட்டிவிட்டீர்கள். குறைந்தது, முதல் ஆறு மாதம் நன்றாகவே குறைந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. தேடிப் பார்த்தால், "புது ஃபேன்தான் கரண்டே இழுக்காதே" என்று எல்லா அறையிலும் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எஞ்சின் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1865இலேயே எச்சரித்திருந்தார். அதை வீட்டில் எடுத்துச் சொன்னேன். "அவர் வீட்டில் கொசு இல்லை போலிருக்கிறது" என்று பதில் வந்தது. இதை எழுதும்போதுகூடப் பக்கத்து அறையில் யாருமில்லாமல் ஒன்று சுற்றுகிற சத்தம் கேட்கிறது. போய் அணைத்துவிட்டு வருகிறேன்.